எனக்குள் இருந்த தாய்லாந்துக்காரி

எனக்கு ஒருமுறை பேய் ஓட்டியிருக்கிறார்கள். கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னதில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அங்கே தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தாய்லாந்து மொழி. (ஏன் என்று கேட்காதீர்கள். நான் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, கிடைத்த பாடத்தை யாரும் கேட்கவில்லை.) வகுப்பில் நாங்கள் ஒற்றைப்படை. டீச்சர் சோடி சேர்ந்து பேசச் சொன்னதும் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புவார்கள். மிச்சம் நான். யாராவது என் பக்கம் திரும்புகிறார்களா என்று புத்தகத்தைப் புரட்டுகிற சாக்கில் பார்ப்பேன். ஒருவரும் திரும்ப மாட்டார்கள். விடுதி அறையிலும் இதே கதைதான். மற்றப் பிள்ளைகள் ஒரே பாடசாலையில் படித்த தோழிகள். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுதான் சில நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சு.

ஆகவே பாடப்புத்தக உரையாடல்களில் இரண்டு பேருடைய பங்கையும் நானே பேசப் பழகினேன். மாம்பழம் வாங்க வருகிறவளுக்கு மெல்லிய குரல். விற்கிறவளுக்குக் கட்டைக் குரல். விலை படியாதபோது கையையும் ஆட்டுவேன். ரொம்ப நாள் பழகியதில் அந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போனது. எப்படியோ பேச்சுத் துணை ஆகிவிட்டார்கள் அல்லவா?

வாய்மொழிப் பரீட்சைக்கு முந்திய விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். அதில் கோட்டை விட்டால் ஒரு வருஷம் போச்சு. லயத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வழியில்லை, நாங்கள் தும்மினால் பக்கத்து வீட்டில் இஞ்சி தட்டுவார்கள். அதனால் கொழுந்து பறித்து முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு மலைக்கு ஏறி, தேயிலைக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்து பேசுவேன். தாய்லாந்து மொழியில் குரலை ஏற்றி, இறக்கி, இழுத்து, வளைத்துச் சொல்ல வேண்டும். அன்று பனிமூட்டம் வேறு. தலைக்குக் குளித்துவிட்டு, காயட்டும் என்று முடியை விரித்துப் போட்டிருந்தேன். (அந்தி நேரத்தில், விரித்த தலையோடு, ஆளில்லாத மலையில், இரண்டு குரலில்! இப்போது நினைத்தால் நானே ஓடியிருப்பேன்.)

விறகு பொறுக்க வந்த பக்கத்து வீட்டு ராஜேஸ் அக்கா ஓடினார். விறகுக் கட்டு பாறைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நல்ல மனசோடு அதை நானே தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் போட்டேன். அந்த உதவிதான் என்னை முழுசாகக் கவிழ்த்தது. தனியாளாக அந்தக் கட்டைத் தூக்க ஒரு பொம்பளைப் பிள்ளைக்குப் பலம் ஏது என்று லயமே கேட்டது.

அது பாடம் என்று அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாடம் என்றால் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதானே, ரெண்டு கொரல் எதுக்கு என்றார். பேய் ஓட்ட நமுனுகுலவிலிருந்து வந்த கோடாங்கி அதைவிடத் தெளிவு. பிடித்திருப்பது இப்படித்தான் சாக்குச் சொல்லும், நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் அது என் பேச்சாகவே எடுபடவில்லை.

"இது போகாம ஒன்னய கொழும்புக்கு அனுப்ப மாட்டேன்" என்றார் அம்மா. திங்கட்கிழமை பரீட்சை. பூசை நடந்ததோ வெள்ளிக்கிழமை பொழுதுசாய.

எங்கள் குளிருக்கு வேப்பமரம் வராது. பதுளை டவுனிலிருந்து வாங்கி வந்த வேப்பிலை பாதி வாடியிருந்தது, அடி மட்டும் பச்சையாக விழுந்தது. கோடாங்கி உடுக்கையை அடித்து, "யாரு நீ? எங்கேருந்து வந்த?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் நாலு அடி. முறை எனக்கும் தெரியும். வந்தது பேர் சொல்ல வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், போகிறேன் என்று விழ வேண்டும். அதுவரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். எனக்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சரி, கேட்கிறார்களே என்று ஆரம்பித்தேன்.

மாம்பழம் இனிக்குமா என்று கேட்டேன். இனிக்கும் என்று நானே கட்டைக் குரலில் சொன்னேன். விலையைக் குறைக்கச் சொன்னேன். உடுக்கை நின்றுவிட்டது. லயமே மூச்சு விடாமல் என் வாயையே பார்த்தது.

"கறுப்புச் சேவல் கேக்குறா" என்று மொழிபெயர்த்தார் கோடாங்கி.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. அந்த மொழியை நான் பேசி ஒருவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். குறுக்கே விழுந்து திருத்த டீச்சர் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன். குடும்பத்தை அறிமுகப்படுத்தினேன். மழையைப் பற்றிப் பேசினேன். புத்தகம் தீர்ந்ததும் சொந்தமாக ஆரம்பித்தேன். விடுதியில் தூக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது என்று தமிழில் ஒருவரிடமும் சொல்லாததை எல்லாம் தாய்லாந்து மொழியில் கொட்டினேன். அழுகையும் வந்தது. கடைசியில் கோடாங்கிதான் கும்பிட்டார்.

"போதும் தாயி. போயிரு தாயி."

போய்வருகிறேன் என்று அந்த மொழியிலேயே சொல்லி, முறைப்படி விழுந்தேன். விழுந்த இடத்தில் அபிஷேகத் தண்ணீர் தேங்கியிருந்தது. உச்சியில் ஒரு கொத்து முடியை வெட்டி மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். அந்தச் சொட்டையோடுதான் பரீட்சைக்குப் போனேன். பேச்சு திடீரென்று சரளமாகிவிட்டதே, எங்கே பழகினாய் என்று டீச்சர் ஆச்சரியப்பட்டார். ஊரில் நிறையப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள் என்றேன்.

ராஜேஸ் அக்கா இன்றைக்கும் நான் லயத்துக்குப் போனால் மாம்பழம் வெட்டி வைத்துவிட்டு, விலை கேட்காமல் சாப்பிடு என்பார். (நான் அன்று பேசியதற்கு அர்த்தம் சொல்லித் தொலைத்தது என் தப்பு.) எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அம்மா மட்டும் சிரிப்பதில்லை. பூசைக்கு மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தவர், என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போனது நல்லதுதான். ஆனா அந்தப் புள்ள பேசுன பேச்சக் கேட்டியா? எத்தன நாளா பேச ஆளில்லாம கெடந்துச்சோ. பாவம்" என்றார்.

பசறை தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன்.

இப்போது கொழும்பில் தனி அறை, மொழிபெயர்ப்பு வேலை. அம்மா தினமும் போன் எடுக்கிறார். சாப்பாட்டை விசாரித்து, மழையை விசாரித்து, வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"அந்தப் புள்ளைக்குப் பேச ஆளு இருக்காம்மா?"

இருக்கு என்பேன். உடனே வைக்க மாட்டார். நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று போனைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.