வழி கேட்காத அருளானந்தம்

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே வழி சொல்லும் ஓர் இனம் உண்டு. இவர்களிடம் லைசென்ஸ் இருக்காது, மேப் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துக் காப்பிக்கடை எதற்காவது போய்ப் பாருங்கள். மேசைமேல் மேப்பை விரித்து, மூலைக்கு மூலை நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ கிளாஸைப் பாரம் வைத்து, சிவப்புப் பென்சிலால் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மலேசிய ஜொகூர் முழுவதும் கோடு இழுத்து, "இங்க லாரி ஜாஸ்தி, அங்க பாலம் சின்னது" என்று, மறுநாள் வண்டி ஓட்டப்போகிறவனை ஏப்பம் விடக்கூட விடாமல் பேசிக்கொண்டிருப்பாரே, அவர்தான். அந்தப் பாலத்தை அவர் பார்த்திருக்கிறாரா? அது எதற்கு?

எனக்குத் தெரிந்த அசல் சரக்கு அருளானந்தம். கப்பல் பட்டறை வெல்டர் மரியஅந்தோணி, மாதா கோயில் திருவிழாவில் பார்த்த ரோசம்மாவை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்தான். அவள் அப்பா லாசரஸ், ஜொகூரில் குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. "பகல் சாப்பாட்டுக்கு வந்துடணும். நேரத்துக்கு வராத பையனுக்கு இங்க பொண்ணு இல்ல" என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பெற்றோர் இல்லாத பையன், பெண் கேட்கப் பெரியவர் என்று யாரைக் கூட்டிப்போனான் பாருங்கள்!

பின்சீட்டிலிருந்து அருளானந்தம் வலத்தோளில் தட்டினால் வலப்பக்கம், இடத்தோளில் தட்டினால் இடப்பக்கம், சந்தேகப்பட்டால் ஹெல்மெட்டில் ஒரு குட்டு. பொந்தியான், பத்து பகாட் என்று கடலோரமாகவே வண்டியை இழுத்தடித்து, ஒருவழியாகத் தோட்டத்து முச்சந்திக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"அண்ணே, அவர்ட்ட கேட்டுப் பார்ப்போமா?"

"மேப்ப வச்சுக்கிட்டு யாராச்சும் வழி கேப்பாங்களா? நேரா போ லா!"

போனார்கள். ரோடு ரப்பர் காட்டில் முடிந்தது. திரும்பினார்கள். அதே ஆள் இப்போது குடையையும் சேர்த்து ஆட்டினார்.

"லிஃப்ட் கேக்குறான். நிக்காத!" குட்டு.

அடுத்த சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, வண்டி அந்த மனிதரின் காலடியிலேயே நின்றது.

"சிங்கப்பூர்லேருந்து வர்ற தம்பிதானே?" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "நான்தான் லாசரஸ்."

அந்தோணிக்கு உயிரே போய்விட்டது. சாப்பாட்டு வேளை எப்போதோ போய்விட்டிருந்தது.

"இந்தக் கை காட்டு காட்டுறேன், ஏன் நிக்கல?"

"அண்ணே நேரா போகச் சொன்னாரு, சார்."

"தப்பான வழின்னு தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு சார். பின்னாடி இருக்கிறவங்க பேச்ச எப்படித் தட்டுறது?"

லாசரஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை! நம்ம ரோசம்மா பின்னாடி உக்காந்தா நிறையப் பேசும். உங்களுக்குச் சரிப்படும்."

கல்யாணம் நடந்தது. தான் போட்ட சிவப்புக் கோட்டால்தான் நடந்தது என்று அருளானந்தம் இன்னமும் காப்பிக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நான் பொந்தியான் என்று எழுதியதுமே, "குளுவாங்குக்கு எதுக்கு அப்படிச் சுத்தணும், கூலாய் வழியா போயிருக்கலாமே" என்று உங்கள் கை யார் தோளையோ தட்டத் தேடியதே, அது எனக்குத் தெரியாதா?