சிங்கக்குட்டி பாலம் தாண்டிய கதை

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்க வழியில்லாமல் செய்தவன் நான்தான் என்று சொல்லவே இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

கொஞ்ச காலமாக நான் ஒரு கெர்னல் எழுதி வருவது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை அடியிலிருந்து ஆட்டிவைக்கிற புரோகிராம். ஐம்பத்திரண்டு வயதில் மற்றவர்கள் சர்க்கரைக்காக நடக்கிறார்கள், எனக்கு இந்தக் கிறுக்கு. நிஜக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் கவிழ்ந்துவிடும் என்று லேப்டாப்புக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்கிற ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி அதில் ஓட்டினேன். சிங்கக்குட்டி என்று பெயரும் வைத்தேன். "பெத்த புள்ளைக்குப் பேர் வைக்க ஏழு மாசம் யோசிச்ச மனுஷன்!" என்றாள் உன் அக்கா. போன மாதம் குட்டிக்கு நெட்வொர்க் கற்றுக்கொடுத்தேன்: நெட்டில் சேர வருகிற போனோ டிவியோ தனக்கு ஒரு விலாசம் கேட்டால் கொடுக்க வேண்டும், 'வெளியே போகிற வழி நான்தான்' என்று சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். செட்டிங்கில் 'உள்ளே மட்டும்', 'பாலம்' என்று இரண்டு இருந்தன. பாலம் என்ற சொல் கேட்க நன்றாக இருந்தது, அழுத்திவிட்டேன். அது குட்டியை லேப்டாப்புக்கு வெளியே குடியிருப்பு நெட்டோடு நேராகச் சேர்த்துவிடும் என்று யோசிக்கவில்லை.

அன்றைக்குத்தான் நீ பராமரிக்கிற எங்கள் குடியிருப்பு நெட் செத்தது. நாற்பது வீட்டு போனும் டிவியும் விலாசம் கேட்க, விலாசம் கொடுக்க நீ வைத்திருக்கிற ரௌட்டர் பெட்டி வாயைத் திறப்பதற்குள் என் குட்டி முந்திக்கொண்டு கொடுத்திருக்கிறது. நம்பி வந்தவர்களை அப்புறம் எங்கே அனுப்புவது என்பதை நான் இன்னும் எழுதவே இல்லையே! நீ பார்க்க வரும்போதெல்லாம், மரியாதைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு ஏணி பிடிக்க ஓடி வருவேன். உடனே நெட் வந்துவிடும். நீ போனதும் திறப்பேன், மறுபடி செத்துவிடும். "வொயரை மாத்துங்க தம்பி, சோம்பேறித்தனம் படாதீங்க" என்று அத்தனை பேர் நடுவில் உன்னைச் சொன்னது இந்த வாய்தான்.

நேற்று மூன்றாம் மாடிப் பல் டாக்டர் தன் லேப்டாப்பை நீட்டினார். "சார், நெட்டுக்குப் பேரு சிங்கக்குட்டின்னு காட்டுது. உங்க மச்சான் கொழுப்பப் பாத்தீங்களா?"

"கொழுப்புதான்" என்றேன்.

பின்னால் நின்ற உன் அக்கா, "எனக்குத் தெரிஞ்ச சிங்கக்குட்டி ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

நாளைக் காலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உன்னை நீக்கப் போகிறார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லப் போகிறேன். கெர்னல் கவிழ்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு பட்டன் உண்டு. என் வாய்க்கு இல்லை.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. வாங்கிக்கொள்ளச் சம்மதமிருந்தால் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

தலைகுனிந்து,
அத்தான்

பின்குறிப்பு: கூட்டம் முடிந்தது. "தப்பு என்னுது" என்றேன். சங்கச் செயலாளர் கண் கலங்கி, "மச்சானைக் காப்பாத்த எப்படிப் பழியத் தன் தலைல போட்டுக்கறார் பாருங்க!" என்றார். கைதட்டினார்கள். நான் விடாமல் கெர்னல், பாலம் எல்லாம் விளக்கினேன். "இவ்வளவு தெரிஞ்சவர் இங்கயே இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று உன் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை, நானும் சரி என்றுவிட்டேன். உன் அக்கா துணிப்பையோடு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. உன் பெட்டியில் எந்த விளக்கு பச்சையாக எரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதி, அவள் திரும்பி வரும்போது, வந்தால், கொடுத்தனுப்பு.