டென்ஸ் அண்ணையும் விழுந்த விவசாயிகளும்

டென்ஸ் அண்ணைக்கு முன்னால் ஓர் ஆங்கில வசனத்தைப் பேசி முடித்த மனிதர் இந்த வன்னியில் இல்லை. எழுவாய் வரைக்கும் விடுவார். வினைச்சொல்லில், 'டென்ஸ் பிழை' என்று பிடித்துவிடுவார்; பெயரும் அப்படி வந்ததுதான்.

முரசுமோட்டையில் எங்கள் விவசாயச் சங்கத்துக்கு அவர் கணக்காளர். வெளிநாட்டுக்காரரோடு ஆங்கிலத்தில் கதைப்பது என் வேலை. அதற்கு என்னை எடுத்தவர்கள், எடுக்குமுன் என்னைக் கதைக்க விட்டுப் பார்க்கவில்லை.

ஒருநாள் நான் இருந்த கதிரைக்குக் கீழே நாகபாம்பு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்ததால் ஆபத்தையும் ஆங்கிலத்திலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. "ஸ்நேக் கம்! ஸ்நேக் கம்!" என்று கத்தியபடி மேசையில் ஏறினேன்.

டென்ஸ் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பாம்பை வரச்சொல்லிக் கூப்பிடுறீரோ? 'எ ஸ்நேக் ஹாஸ் கம்' எண்டு சொல்லும்."

"அண்ணை, முதல்ல தடியை எடுங்கோ!"

"முதல்ல வசனத்தைத் திருத்தும்."

திருத்தினேன். அதற்குள் பாம்பு அலுத்துப்போய் வெளியே போய்விட்டது.

பிறகு, எங்கள் வாய்க்காலைத் திருத்த உதவிய வெளிநாட்டுக் குழு பார்வையிட வந்தது. அடுத்த வாய்க்காலுக்கும் உதவுவார்களா என்பது என் பேச்சில் தொங்கியது. முதல்நாளே கும்பிட்டேன். "அண்ணை, நாளைக்கு மட்டும் நடுவில திருத்தாதேங்கோ."

"ஓம், வாயே திறக்கமாட்டன்."

தண்ணீர் வந்ததும் விவசாயிகள் மகிழ்ச்சியை உணர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். 'ஃபெல்ட்' என்பதற்குப் பதில், "வென் த வோட்டர் கேம், ஓல் த ஃபார்மர்ஸ் ஃபெல்!" என்று முழங்கி, ஒரு கம்பீரத்துக்காக அங்கேயே நிறுத்தினேன். தண்ணீர் வந்ததும் எல்லா விவசாயிகளும் விழுந்துவிட்டார்கள்!

குழுத்தலைவி பதறிப்போய், யாருக்காவது காயமா என்று கேட்டார். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது.

டென்ஸ் அண்ணை எழும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ பிசகில்லாத ஆங்கிலத்தில், "எங்கள் ஊரில் சந்தோஷம் கூடினால் விழுவதுதான் வழக்கம், அம்மணி. இவர் சரியான சொல்லைத்தான் சொன்னார்" என்றார்.

குழுத்தலைவி மரியாதையோடு தலையாட்டினார். வாய்க்காலும் கிடைத்தது.

"அண்ணை, எனக்காகப் பொய் சொன்னீங்களே?" என்று பிறகு கேட்டேன்.

"பின்னை? எங்கட ஆளைப் பார்த்து ஆக்கள் சிரிக்க விடேலுமே?" என்றவர், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். சொல்லும்!"

ஓய்வு பெற்று இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். கிழமைக்கொருக்கால், ஞாயிறு தவறாமல், போன் எடுத்து ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பேன். பிழைவிட நான் தனியாகப் பிரயாசைப்படத் தேவையில்லை. ஆனால், அவர் திட்டித் திருத்தாத கிழமை எனக்கு ஒரு கிழமையாகவே தெரிவதில்லை.