கேமரா பார்த்துச் சொல்பவர்

மாடு வாங்கப் போகும்போது பல் பார்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போவார்கள். கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்த்துச் சொல்ல ஒருவர் வருவார். இந்த இருவருக்கும் அடுத்தபடியாக நம் காலத்தில் தோன்றி, ஊருக்கு ஊர் பெருகிவிட்ட இனம் ஒன்று உண்டு: போன் வாங்குமுன் கேமரா பார்த்துச் சொல்பவர். உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் எனக்கு உங்கள் மேல்தான் சந்தேகம். கடைசிவரை படியுங்கள்.

சங்கரன்கோவிலுக்கு வாய்த்தவர் பெயர் பிரவின்ராஜ். விசைத்தறிச் சேலைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார் என்பது அவர் சம்பளம் வாங்கும் இடத்தைப் பற்றிய தகவல் மட்டுமே. அவருடைய பணி வேறு. சுற்றுவட்டாரத்தில் யார் போன் வாங்கினாலும் வடக்கு ரத வீதிக் கடைக்கு அவரை முன்னால் விட்டுப் பின்னால் போவார்கள். அவர் படியேறுவதைக் கண்டதும் கடைக்காரர் செல்வக்குமார் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். டீ குடித்துவிட்டு அவர் திரும்பும்போதும் பரீட்சை முடிந்திருக்காது.

பரீட்சை எப்படி நடக்கும்? போனில் பேச்சு கேட்கிறதா என்று அவர் பார்க்கமாட்டார். அது சின்ன விஷயம். போனைக் கையில் வாங்கி, சட்டை நுனியால் லென்சைத் துடைத்து, நேரே நடுத்தெருவுக்கு வந்து, பின்னால் மினிபஸ் ஒலியெழுப்புவதைப் பொருட்படுத்தாமல் கோயில் கோபுரத்தைக் குறிவைத்து, இழுத்து இழுத்து உச்சிக் கலசத்தில் உட்கார்ந்திருக்கும் புறாவின் கண் தெரியும்வரை இழுத்து, மூச்சைப் பிடித்து ஒரு படம் எடுத்து, எடுத்த படத்தை இரண்டு விரலால் விரித்து, விரித்ததை மேலும் விரித்து, புறாவும் போய் கலசமும் போய் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் நிறுத்தி, உதட்டைப் பிதுக்குவார். “டீட்டெயில் வாழாது.” தேறாது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அடுத்தது பூக்கடை. மல்லிகைக் குவியலை எட்டுத் திசையிலிருந்தும் எடுத்துவிட்டு, வெள்ளையில் நீலம் பாய்கிறது என்பார். பூக்காரி பேச்சிக்குப் பொறுமை குறைவு.

“ஏய்யா, பூ வாங்குதியா, இல்ல படம் பிடிச்சே வாட வைக்கப் போறியா?”

“ஒயிட் பேலன்ஸ் பாக்கேன்க்கா.”

“என் யாவாரத்துக்கு ஒரு பேலன்ஸ் இருக்கு. தள்ளி நில்லு.”

நாமெல்லாம் ஒரு படத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். அவர் அதில் என்ன குறை இருக்கிறது என்று பார்ப்பார். கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தால் மாப்பிள்ளையைத் தாண்டிப் போய், பின்னால் நிற்கும் வாழைமரத்தின் ஓரம் பிசிறடிக்கிறது என்பார். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி, இயற்பியலில் பட்டம் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்திருப்பவன் நான். லென்சைப் பற்றி ஒருநாள் அவரிடம் வாயைத் திறந்தேன். “அது புஸ்தகத்துல உள்ளது மாப்ள” என்றார். நான்கு வருஷக் கட்டணத்தில் ஒரு வருஷம் அப்போதே வீணானதுபோல் இருந்தது. மூன்று வருஷப் படிப்புதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு அடி.

சரி, இவருடைய போன் எது? கேட்கக்கூடாத கேள்வி. கண்ணாடி கீறி, லென்சுக்குள் ஆவி பிடித்து, எதை எடுத்தாலும் மார்கழி அதிகாலைபோல் தெரியும் ஒரு பழைய போன். “அடுத்த மாடல்ல சென்சார மாத்துதான். பொறுத்து வாங்குவோம்” என்று பொறுத்துக்கொண்டே இருக்கிறார்.

இப்படிப்பட்டவர் கையில் போன பக்ரீத்துக்கு முன்னால் எங்கள் ஊர் துரைப்பாண்டி மாட்டினார். ஆடு வளர்க்கிறவர். புளியங்குடி மம்மது பாய்க்கென்றே ஒரு கிடாயை வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் கடலைக்கொடியுமாகக் கொடுத்து வளர்த்திருந்தார். வழக்கமாக பாய் நேரில் வந்து தடவிப் பார்த்து ஓட்டிப் போவார். இந்த முறை பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. “படம் எடுத்து அனுப்புவே, பாத்துச் சொல்லுதேன்” என்றுவிட்டார். பெருநாள் கழிந்தால் அதே கிடாய்க்குக் கறிக்கடை விலைதான். பட்டன் போன் வைத்திருந்த துரைப்பாண்டி வேறு வழியில்லாமல் புதுப் போன் வாங்க வந்தார். பிரவின்ராஜ் முன்னால் நடந்தார். செல்வக்குமார் டீ குடிக்கப் போனார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு போன் தேறியது. துரைப்பாண்டி கேட்ட போன் அல்ல. கேமராவுக்கென்றே பிறந்த போன் என்று பிரவின்ராஜ் சொன்ன போன். தேர்ந்தெடுத்ததோடு அவர் கடமை முடியவில்லை. மறுநாள் காலை தொழுவத்துக்கே வந்துவிட்டார்.

“நான் எடுத்துத் தாரேன் அண்ணாச்சி. நீங்க எடுத்தா அந்தக் கேமராவுக்கு மரியாத இல்ல.”

ஆட்டுப்புழுக்கையில் மண்டியிட்டார். கிழக்கு வெயில் கிடாயின் முகத்தில் விழும்வரை காத்திருந்தார். அதற்குள் கிடாய் அவர் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டைத் தின்று முடித்தது. பின்னால் இருப்பதையெல்லாம் பால்போலக் கலக்கி, முன்னால் இருப்பவரை மட்டும் துலங்கக் காட்டும் போர்ட்ரெய்ட் வசதியைப் போட்டு எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, தொழுவம், தொட்டி, சாணிக்குப்பை எல்லாம் மறைந்து, கிடாய் ஏதோ அரண்மனை வாசலில் நிற்பதுபோல் இருந்தது. இரண்டு விரலால் விரித்தார்.

“மயிர் ஒண்ணொண்ணும் தனியாத் தெரியுது பாத்தியளா?”

துரைப்பாண்டி தன் கிடாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல் நின்றார். படம் புளியங்குடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பாயின் குரல்பதிவு வந்தது.

“என்ன துரை, இத்தன வருசம் பழகிட்டு இப்படிப் பண்ணலாமா? ஒத்தக் காதுக் கிடாயக் காட்டுத. கொம்பும் பாதிதான் இருக்கு. குர்பானிக்கு ஊனமில்லாம இருக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?”

துரைப்பாண்டி அடித்துப்பிடித்து ஓடி முதலில் கிடாயின் காதைத்தான் தடவிப் பார்த்தார். இரண்டும் இருந்தன. கொம்பும் இருந்தது. பிறகுதான் படத்தைப் பார்த்தார். படத்தில் சாணிக்குப்பையோடு சேர்ந்து இடது காதும் ஒரு கொம்பின் முனையும் பாலில் கரைந்து போயிருந்தன. மயிரை எண்ணிய மனிதருக்குக் காது கண்ணில் படவில்லை.

“ஏலே, காது எங்கல?”

இங்கேதான் இந்த இனத்தின் மேன்மையைப் பார்க்க வேண்டும். பிரவின்ராஜ் பதறவில்லை. “எட்ஜ்ல சின்னப் பிரச்சன அண்ணாச்சி. அடுத்த அப்டேட்ல சரியாயிரும்” என்றார்.

“அது எப்ப வரும்?”

“அடுத்த மாசம்.”

“பெருநாள் இந்த வாரம்ல.”

உடனே சாதாரணமாக இன்னொரு படம் எடுத்து அனுப்பினார்கள். சாணிக்குப்பை இருந்தது, தொட்டி இருந்தது, இரண்டு காதும் இருந்தன. பாயிடமிருந்து அடுத்த குரல் வந்தது.

“காலைல இல்லாத காது இப்ப எப்படிவே முளைச்சுது? கம்ப்யூட்டர்ல ஒட்டுனியா?”

இனி எந்தப் படம் அனுப்பினாலும் ஒட்டுவேலைதான். துரைப்பாண்டி ஒரு லோடு ஆட்டோவைக் கூப்பிட்டார். கிடாயை ஏற்றி, அதைப் பிடித்துக்கொள்ளப் பிரவின்ராஜையும் பின்னால் ஏற்றினார். கூட நானும் ஏறினேன். புளியங்குடி போய்ச் சேரும்வரை கிடாய் அவரையும், அவர் கிடாயின் இடது காதையுமாக மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

மம்மது பாய் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கிடாயை அருகில் இழுத்தார். இரண்டு காதையும் அடியிலிருந்து நுனிவரை உருவிப் பார்த்தார். கொம்பைத் தட்டினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

“எல்லாம் இருக்குல்லா. பின்ன ஏம்வே படத்துல இல்ல?”

பிரவின்ராஜ் தொண்டையைச் செருமினார். “போர்ட்ரெய்ட்ல பாத்தியன்னா…”

“நீ சும்மா இரு தம்பி” என்றார் துரைப்பாண்டி.

பாய் சிரித்தார். “கிடாயத் தொழுவத்துல கெட்டிப்போடுங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். துரைப்பாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீயும் வந்தது. டீயைக் குடித்தபடி பாய் அந்தப் புதுப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம் மவளுக்கும் ஒண்ணு வாங்கணும். இதுல கேமரா எப்படி?”

பிரவின்ராஜ் வாயைத் திறந்தார். ஆனால் முந்திக்கொண்டவர் துரைப்பாண்டி. போனை வாங்கி, துண்டு நுனியால் லென்சைத் துடைத்து, இரண்டு விரலால் படத்தை விரித்து, உதட்டைப் பிதுக்கினார்.

“வெளிச்சத்துல நல்லா எடுக்கும் பாய். எட்ஜ்தான் கொஞ்சம் வாழாது.”

நேற்றுவரை பட்டன் போன் வைத்திருந்தவர். இந்த இனம் பெருகுவதற்கு இரண்டு நாளும் ஒரு கிடாயும் போதும்.

ஆகவே அன்பரே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. போன வாரம் உங்கள் சிநேகிதர் ஒருவர், பிறந்து இரண்டு நாளான தன் மகளின் படத்தைப் போனில் எடுத்துக் கண் கலங்க உங்களிடம் நீட்டினாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் என்ன சொன்னீர்கள்? பிள்ளை யார் சாடை என்று கேட்டிருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள்.

“எந்தப் போன்ல எடுத்தது?” என்று கேட்டிருந்தால், வடக்கு ரத வீதியில் செல்வக்குமார் டீ குடிக்க எழுந்துவிட்டார்.