நாற்பது நாற்காலிகளுக்காக மூன்று எந்திரங்கள் பொருத கதை

வாழ்க, அளவுகோலையே வாளாகவும் அட்டவணையையே கேடயமாகவும் ஏந்தி, எந்திரங்களின் ஏற்றத்தாழ்வை எடைபோட்டுரைக்கும் பொறியாளர் நங்கை! அவள் அமர்ந்த சுழல்நாற்காலி சுழலும் திசையெல்லாம் வெல்க!

அன்று அவையில் இருந்தோர் முறையே இவர்: மேசையின் தலைமாட்டில், ஏசிக்காற்று நேரே உச்சந்தலையில் இறங்கும் இடத்தில், மேலாளர். அவருக்கு வலப்புறம், ஒருவர் முகத்தை ஒருவர் பாராத விற்பனைத் தூதர் மூவர். இடப்புறம் நம் நங்கை. கதவோரம் கிடங்குப் பொறுப்பாளர். இவர் அவள் கணவனின் சித்தப்பா, ஆகவே அவளுக்குச் சின்ன மாமனார்.

மாமனார் மேசையும் மருமகள் மேசையும் எதிரெதிரே கிடந்தமையால், அவள் தாமதமாக வந்ததும், தோழியிடம் போனில் சிரித்ததும், டிபனை மிச்சம் வைத்ததும் அவளுக்கு முன்பே வீடுபோய்ச் சேர்ந்தன. "இன்னிக்கு சரியாவே சாப்பிடலையாமே, சின்ன மாமா சொன்னாரு" என்று அத்தை வாசலிலேயே வரவேற்பாள். அலுவலகம் கீழ்மாடிக்குக் குடிபெயரும் என்ற செய்தி பிறந்த நாள்முதல், அங்குள்ள ஜன்னலோர மேசை ஒன்றின்மேல் அவள் நெஞ்சு தவம் கிடந்தது.

போரின் பொருள் அதுவே. நாற்பது பேரை நாற்பது மேசைகளில் அமர்த்த வேண்டும். பேச்சுவார்த்தை அற்றோர் அருகருகே ஆகாது, சேர்ந்து வேலை செய்வோர் பிரியலாகாது. ஒருவரை நகர்த்தினால் ஒன்பதுபேர் முகம் கோணும் இச்சிக்கலை, காய்ச்சிய இரும்பு மெல்ல ஆறுகையில் அதன் துகள்கள் தாமே இளைப்பாறும் இடம் தேடிக்கொள்வது போலக் கணக்கை ஆறவைத்து அவிழ்க்கும் மூன்று எந்திரங்களுள் மேலானது எது என்று தலைமையகத்துக்கு எழுதுவது அவள் கடமை.

"ஜெயிக்கிற மெஷின் எங்க சொல்லுதோ அங்கதான் உக்காரணும். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தக் கூடாது" என்று மேலாளர் முன்பே முரசறைந்திருந்தார். அத்தோடு நில்லாமல், "சொந்தக்காரங்க பக்கத்துல பக்கத்துல இருந்தா சந்தோஷம்தானே" என்று மாமனார் மருமகள் இணைக்கு உச்சமதிப்பெண்ணையும் தம் கையாலேயே இட்டார். எதிரே ஒருவர் இருக்க, வேண்டாமென்று மற்றவர் எப்படிச் சொல்வது? இருவரும் தலையாட்டினர்.

முதல் எந்திரமாய் எழுந்தது குளிர்ப்பீப்பாய், விண்வெளியினும் குளிர்ந்த வயிற்றை உடையது. இமைப்பொழுதின் சிறுதுளியில் விடை உமிழ்ந்தது. அவ்வயிறு குளிர இரண்டு நாள் ஆயிற்றே என்றாள் நங்கை. "சாப்பிட எவ்வளவு நேரம்னு கேட்டா, சமைக்கிற நேரத்தையும் சேர்த்தா மேடம் சொல்லுவோம்" என்றார் அதன் தூதர். அடுத்து எழுந்தது, எறும்புப்படையெனச் சில்லுகள் மொய்த்த அலமாரி. விசிறிகள் வேழமெனப் பிளிற விடை ஈந்தது. "நூறு தடவை ஓட்டினோம், நல்லா வந்ததைக் காட்டுறோம். மத்த தொண்ணூத்தொம்பதைப் பத்தி எதுக்குங்க இப்ப" என்றார் அதன் தூதர். இரண்டு விடைகளிலும் முகம் கோணுவோர் எழுப்பக்கூடிய புகார்கள் மூன்றே. இரண்டிலும் மாமனாரும் மருமகளும் முழங்கை உரச வீற்றிருந்தனர். நங்கையின் முகம் நண்பகல் நிலவாயிற்று.

கடைசியாக வந்தது ஒளிச்சுருள். கண்ணாடி இழைக்குள் ஒளித்துடிப்புகள் குதிரைப்படையெனச் சுற்றிச்சுற்றி ஓட, யாரோ கதவைச் சாத்திய அதிர்விலேயே வழிதவறி, நெடுநேரம் கழித்து ஈன்ற விடையில் புகார்கள் பதினொன்று. ஆண்டுக்கணக்கில் பேசாத கணக்கர் இருவரை அது முழங்கால் இடிக்க அமர்த்தியிருந்தது. ஆனால், ஆகா, மருமகள் ஜன்னலோரம். மாமனார் மறுகோடியில், கிடங்கின் தூணுக்குப் பின்னால்! அதன் தூதர் தோற்றோம் என்று பையை மூடத் தொடங்கினார்.

உண்மை ஒருபுறமும் ஜன்னல் ஒருபுறமும் இழுக்க, நங்கை அட்டவணையை மேலும் கீழும் புரட்டினாள். அப்போது, கூட்டங்களில் கொட்டாவிக்கன்றி வாய்திறந்தறியாத கிடங்குப் பொறுப்பாளர் எழுந்தார்.

"சார், எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா முதல் ரெண்டும் ஏதோ அவசரத்துல பண்ண மாதிரி இருக்கு. இதுதான் நிதானமா யோசிச்சிருக்கு."

மருமகள் எதிரே வந்தமர்ந்த நாள்முதல் உண்டபின் கண்ணயர வழியின்றி, சர்க்கரை வியாதியை மதியாமல் இழுப்பறையில் ஒளித்த மிட்டாயையும் வாயிலிட வழியின்றி அவர் பட்ட பாட்டை அவையில் யார் அறிவார்?

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் மேலாளர்.

"மாமா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு சார்."

அக்கணமே அட்டவணையில், உலகில் எந்த ஒப்பீட்டிலும் இல்லாத புதியதொரு பத்தி உதித்தது. "விரைவிலும் மின்செலவிலும் புகார் எண்ணிக்கையிலும் பின்தங்கினும், நிதானம் என்னும் இன்றியமையா அளவையில் ஒளிச்சுருளே முதன்மையானது; பேசாதோரை அருகருகே அமர்த்தியதன்மூலம் கணக்குப்பிரிவில் உரையாடலையும் அது ஊக்குவிக்கிறது" என்று வெற்றித்தூண் நாட்டுவாள் போல் அவள் எழுதி முடித்தாள்; மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

கிடங்கிலிருந்து மாமாவே பசை எடுத்துக் கொடுக்க, அவள் உறையை ஒட்டிக் கூரியரில் போட்டாள்.