காஸ்கெட் அனுப்பக் கோரி

சரஸ்வதிபுரம், மைசூர்
11-8-1985

சிரஞ்சீவி மாப்பிள்ளை கணபதிராமனுக்கு மாமனார் வைத்யநாதன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். மிலானிலிருந்து நீங்கள் அன்போடு அனுப்பிய காப்பி மெஷின் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை. நீங்களும் அன்னபூர்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று பதில் போடவும்.

தப்பு என்னுடையதுதான். மெஷின் வந்த அன்று முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, உங்கள் கௌரவத்துக்காக, "இதல்லவா காப்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். உங்கள் மாமியார் ராஜலக்ஷ்மி, முப்பத்திரண்டு வருஷமாக டிகாக்ஷன் இறக்கிய பித்தளை ஃபில்டரைப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "இனிமே மாப்பிள்ளை காப்பியே குடிங்கோ" என்றாள். இத்தாலிக்காரர்களுக்கு அது நல்ல காப்பியாகவே இருக்கும். எனக்கு ஒரே வாரத்தில் நாக்கு ஏங்கிப்போயிற்று. ஆனால் ஃபில்டரை இறக்கு என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? ரயில்வே பட்டறையில் இருபத்தாறு பேரை மேய்த்தவன் நான்.

ஆகவே மெஷினையே அந்த ருசிக்குக் கொண்டுவந்துவிடுவது என்று இறங்கினேன். நம்ம சிக்கரி கலந்த பொடியைப் போட்டேன், அது சல்லடையில் களியாக இறுகி அடைத்துக்கொண்டது, ஆவி போக வழியில்லாமல் ரப்பர் காஸ்கெட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பிற்று, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேவம்மா கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடினாள், சரியென்று குக்கர் காஸ்கெட்டை வெட்டி மாட்டினேன், மூன்று நாள் காப்பியில் சாம்பார் வாசனை, வோல்டேஜ் இறங்கினால் மெஷின் இருமுகிறதே என்று ஸ்டெபிலைசர் வைத்தேன், அதற்கு இடம் விட்டு மிக்ஸி பூஜை அலமாரிக்குக் குடிபோயிற்று. கடைசியில், என்னோடு பட்டறையில் ஃபிட்டராக இருந்த கொள்ளேகால் ரத்தினசாமியை வரவழைத்தேன். அவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எஞ்சின் பாய்லரையே பார்த்தவங்க நாம, இந்தச் சொம்புக்குப் போய்ப் பயப்படறதுங்களா" என்று சொல்லி, பித்தளையில் புது வால்வு கடைந்து, பிரஷர் மீட்டரும் பொருத்தினார். மெஷின் ஊதிய ஊதலில், எதிர்வீட்டுக்காரர் வந்து ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று விசாரித்தார்.

மறுநாள் காலை டம்ளரை வாயில் வைத்தேன். மாப்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே மணம், அதே கசப்பு! வால்வு என்றால் அதல்லவா வால்வு. ராஜலக்ஷ்மியே மெஷினுக்கு மசிந்துவிட்டாள் என்றால் பாருங்கள். "ரெண்டு கை பட்டாத்தான் கெட்டுப்போறது, நானே பாத்துக்கறேன்" என்று என்னைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் கொடுத்து வால்வு பற்றி விளக்குகிறேன். ரத்தினசாமிக்குச் சால்வை போர்த்துவதாக இருக்கிறேன்.

காஸ்கெட்தான் இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது. அசல் காஸ்கெட் ஒன்று, முடிந்தால் இரண்டு, உடனே தபாலில் அனுப்பி உதவவும்.

சாமுண்டியம்மன் கடாட்சத்தில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நல்ல காப்பி குடித்து, தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வைத்யநாதன்

பி.கு.: கவர் ஒட்ட இரண்டு சோற்றுப் பருக்கை எடுக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். ராஜலக்ஷ்மி கோயிலுக்குப் போயிருந்தாள். கை சும்மா இருக்கவில்லை, மெஷினின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் இல்லை. கெட்டி டிகாக்ஷன். அரிசி டின்னுக்குப் பின்னால் பித்தளை ஃபில்டர், இன்னும் வெதுவெதுப்பாக. என்னை வாய்விட்டுக் கேட்க வைக்காமலே இத்தனை நாளும் இறக்கிக் கொடுத்திருக்கிறாள், மகராசி. மூடியை இருந்தபடியே மூடிவிட்டேன். மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். இதோ வந்துவிட்டாள்; மெஷின் காப்பி ஒரு வாய் போடட்டுமா என்று கேட்கிறாள். மெஷின் காப்பிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து காஸ்கெட் அனுப்பாதீர்கள்.