பாய்மரத்தில் ஒட்டு இருக்கிறது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் வாங்க நினைக்கும் பழைய பாய்மரப் படகை நேரில் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். வாங்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். அங்கே நிற்கும் எல்லாப் படகுகளின் பாய்மரங்களையும் கழற்றிக் கொட்டகையில் ஆறு தட்டுகளில் அடுக்கியிருக்கிறார்கள். படகுக்காரர் படகுக்கு அடியில் படுத்துப் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டே, "ரெண்டாவது தட்டு சார், நீங்களே போய்ப் பாருங்க. பெயின்ட் இளக்குற மருந்து காயறதுக்குள்ள நான் சுரண்டணும்" என்றார். போனேன். நல்ல நீள அலுமினியக் குழாய். விரலால் தடவிக்கொண்டே போனால், பாதிக்கு மேல் ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு கோடு, இருபுறமும் வரிசையாக ரிவெட்டுகள். ஒடிந்த குழாய்க்குள் சின்னக் குழாயைச் செருகி ஒட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக ஒட்டினால் தப்பில்லையாம். ஆனால் இங்கே ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. ஒடிந்த சாக்பீஸைச் சேர்த்துப் பிடித்து எழுதலாம், அழுத்தினால் என்ன ஆகும்? காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் மேல்பாதி கடலில், கீழ்ப்பாதியைக் கட்டிக்கொண்டு என் மகள்.

"ஜாயின்ட் இருக்கே?" என்றேன்.

"இல்லவே இல்ல சார், ஒரே குழாய்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று நின்றேன். நான் கோபப்படவில்லை. வகுப்பில் முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் நின்றேன். அவர் சுரண்டினார், நின்றேன். டீ குடித்தார், நின்றேன். மறுநாளும் போய் நின்றேன்.

"எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் ஒட்டினாரோ என்னவோ... இருக்கும் சார். நீங்க இவ்வளவு சொல்றீங்க."

"அதையே எழுதிக் குடுங்க."

கொடுத்தார். பாவம், கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் அத்தை மட்டும், "அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரியே இல்லீங்க" என்கிறாள். மூஞ்சியை நம்பிக் கடலில் இறங்க முடியுமா?

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு வேறு படகு அமையட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: தபால்பெட்டிக்குப் போகும் வழியில் கொட்டகைக் காவலர் சொன்னார், தட்டுகளைக் கீழிருந்துதான் எண்ணுவார்களாம். விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் நான் மேலிருந்து எண்ணிவிட்டேன். கீழிருந்து இரண்டாவதை மூன்று முறை தடவிப் பார்த்தேன், ஒரே குழாய். படகை வாங்குங்கள். இல்லாத ஒட்டையே எழுதிக் கொடுத்தவர், இருப்பதை மறைக்கமாட்டார். அவர் தாளை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே, தப்பு என்னுடையது என்று நானும் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நிற்கிறேன்.